கிணற்றடிப் புளியங்கட்டையில் வெள்ளை விசிறி: என்ன காளான் இது?

அப்பன்திருப்பதி_சேகர் · நவம்பர் 9, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஆடிக் காற்றில் எங்கள் கிணற்றடிப் புளியமரத்தில் ஒரு பெரிய கிளை முறிந்து விழுந்தது. அடிப்பக்கம் ஒரு முழ அகலம் இருக்கும். மூணடி மூணடியாக அறுத்து மோட்டார் ரூம் சுவரோரம் அடுக்கி வைத்தேன். இப்போது ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. வெறித்த பிறகு போய்ப் பார்த்தால் கட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு, பெரியது கட்டைவிரல் நகம் அளவு. குடை மாதிரி இல்லை, காம்பும் இல்லை. விசிறி மாதிரி விரிந்து, மேலே பஞ்சு ஒட்டியது போல ரோமத்தோடு இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கட்டையை எடுக்க வந்த விறகு வியாபாரி இதைப் பார்த்துவிட்டு, "காளான் பூத்த கட்டை, உள்ளே எல்லாம் உளுத்திருக்கும்" என்று பேசிய விலையில் பாதிதான் தருவேன் என்கிறார். என் அப்பத்தாவோ, "சின்னதா வெள்ளையா இருக்கே, அரிசிக் காளான் சாதிதான், குழம்பு வைக்கலாம்" என்று ஒரு கொட்டான் நிறையப் பறித்து வைத்துவிட்டது. நான் இன்னும் அடுப்பில் ஏற்ற விடவில்லை. இது கிளை முறிந்த மரத்துக்கும் ஏறிவிடுமோ என்கிற பயம் வேறு. படம் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்_மீனா · நவம்பர் 9, இரவு 9.40

முதலில் அந்தக் கொட்டானை அப்பத்தா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

காளான்கிறுக்கன் · நவம்பர் 9, இரவு 10.25

சேகர் தம்பி, படம் பார்த்தேன். எல்லாமே மேல்பக்கத்துப் படம். மேல்பக்கத்தை வைத்துக் காளானைச் சொல்வது, முதுகைப் பார்த்து ஆளைச் சொல்வது மாதிரி. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் நீங்கள் ஒன்றைப் பிய்த்துக் கவிழ்த்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பேன். அடியில் ஊசி குத்தியது போல ஓட்டையா, வழவழப்பா, வரிவரியா? வரி என்றால் ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா? கண் மங்கலாக இருந்தால் பேத்தியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் கொடுக்கிற பழக்கம் போகவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பன்திருப்பதி_சேகர் · நவம்பர் 10, காலை 7.05

பார்த்துவிட்டேன் ஐயா. அடியில் விசிறி மடிப்பு மாதிரி, ஒட்டியிருக்கிற முனையிலிருந்து ஓரம் வரைக்கும் வரிகள் போகின்றன. நிறம் சாம்பலில் லேசாக ரோஸ் கலந்தது போல. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொரு வரியும் நடுவில் பிளேடால் கீறிவிட்டது போல ரெண்டாகப் பிளந்திருக்கிறது. கட்டையின் மேல் பக்கம் வெயில் படுகிற இடத்தில் இருந்தவற்றில் அந்தப் பிளவின் ரெண்டு உதடும் வெளியே சுருண்டிருந்தன. சுவர்ப்பக்கம் ஈரத்தில் இருந்தவற்றில் நேராக நிற்கின்றன. கையில் எடுத்தால் சாதாரணக் காளான் மாதிரி உடையவில்லை. பழைய செருப்புத் தோல் மாதிரி வளைகிறது.

காளான்கிறுக்கன் · நவம்பர் 10, காலை 8.30

அப்படியென்றால் சந்தேகமே இல்லை. ஸ்கைசோஃபில்லம் கம்யூன். முதல் சொல்லுக்குப் பிளந்த இலை என்று பொருள், இரண்டாவதுக்குப் 'பொதுவாகக் காண்பது' என்று பொருள். 1815-இல் ஸ்வீடன்காரர் எலியாஸ் ஃப்ரீஸ் இந்தப் பெயரை வைத்தார். பெயருக்கு ஏற்ற மாதிரியே அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. நம் பக்கம் மா, புளி, வாகை, பூவரசு என்று எதன் பட்டுப்போன கிளையிலும் வரும். சிறுமலைக்குப் போகிற வழியில் விழுந்து கிடக்கிற சுள்ளிகளில் பார்த்திருக்கிறேன், மதுரைக்குள்ளேயே வெட்டிப்போட்ட சாலையோர மரத்திலும் பார்த்திருக்கிறேன். வெயில் நன்றாகப் படுகிற கட்டை என்றால் இதற்கு இன்னும் பிடிக்கும். மற்ற காளானெல்லாம் நிழல் தேடும்போது இது மட்டும் மொட்டை வெயிலில் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பிளவுதான் அதற்குக் காரணம். காளானின் அடியில் வரிவரியாக இருக்கிற செவுளில்தான் விதை மாதிரியான வித்துகள் உண்டாகின்றன. சாதாரணக் காளானில் வெயில் அடித்தால் செவுள் கருகிவிடும், கதை முடிந்தது. இதில் காற்று காய்ந்தவுடன் பிளந்த ரெண்டு உதடும் சுருண்டு, வித்து உண்டாகிற பரப்பை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். வெளியே தெரிவது ரோமம் மட்டும்தான். மழை வந்தால் மறுபடி நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து வித்து தூவத் தொடங்கும். ரெண்டு மூணு நாளில் அழுகிப்போகிற நாய்க்குடை மாதிரி இல்லை இது. ஒரே காளான் பல மழையைப் பார்க்கும்.

எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். கனடாவில் புல்லர் என்று ஒரு பேராசிரியர், நூறு வருடத்துக்கு முன்னால் இதைக் காயவைத்து, காற்றை உறிஞ்சிவிட்டுக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்தார். சுமார் 50 வருடம் கழித்து, அவர் காலமான பிறகு, 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு குழாயை உடைத்து நனைத்துப் பார்த்தார்கள். செவுள் நிமிர்ந்து வித்து தூவியிருக்கிறது.

தம்பி, நாலைந்தைக் காயவைத்து ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். கோடையில் எடுத்து நனைத்துப் பார்க்கலாம்.

மாடித்தோட்டம்_மீனா · நவம்பர் 10, காலை 9.02

50 வருடமா! எங்கள் வீட்டு ஊறுகாய்கூட அவ்வளவு நாள் தாங்காது.

எக்ஸ்சர்வீஸ்_பாண்டி · நவம்பர் 10, பகல் 1.15

சேகர், உங்கள் அப்பத்தா சொன்னது முழுத் தப்பு இல்லை. நான் மணிப்பூரில் இருந்தபோது இதைத் தின்றிருக்கிறேன். இம்பாலில் பெண்கள் மட்டுமே கடை போடுகிற இமா சந்தையில் இதைக் காயவைத்துக் குவித்து விற்பார்கள். அங்கே பெயர் கங்லாயென். கடலைமாவில் கரைத்து, பச்சை மிளகாய் போட்டு, இலையில் வைத்து வேகவைத்து அடை மாதிரி தட்டித் தருவார்கள். வாசம் நன்றாக இருந்தது. ஆனால் மென்று முடிப்பதற்குள் தாடை வலித்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் தெற்கிலும் இதைச் சமைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐரோப்பாக்காரர்கள் இது கடினம், தின்ன ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவரவர் பல் பலம்.

நத்தம்_மாந்தோப்பு · நவம்பர் 10, பகல் 2.50

அப்போ சாப்பிடலாம்தானே? எங்கள் பக்கம் ஒரு சோதனை உண்டு, குழம்பு கொதிக்கும்போது வெள்ளிக் கொலுசைப் போட்டுப் பார்ப்பார்கள். கறுக்கவில்லை என்றால் நல்ல காளான்.

காளான்கிறுக்கன் · நவம்பர் 10, மாலை 4.10

கொலுசுச் சோதனையை நம்பி இன்னொரு முறை யாரும் எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை வேகவைத்த தண்ணீரில் போட்டாலும்தான் கறுக்கும். ஆளைக் கொல்கிற காளான் நஞ்சுக்கும் வெள்ளிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பூச்சி தின்றால் மனிதனும் தின்னலாம் என்பதும் அதே ரகம்தான். நத்தைக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அமனிட்டா வகைக் கொடுங்காளானைத் தின்றவருக்கு முதல் ஆறு மணி நேரம், சில சமயம் அரை நாள் வரை, ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. ஒரு நாள் தெளிந்தது போல இருக்கும், வீட்டில் எல்லாரும் பிழைத்தார் என்று மூச்சு விடுவார்கள். அதற்குள் கல்லீரல் போயிருக்கும். அதனால்தான் "அன்னைக்குச் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பதை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சேகர் கையில் இருப்பது அது இல்லை, இதில் அந்த நஞ்சு இல்லை. பாண்டி அண்ணன் சொன்னதும் சரி. ஆனாலும் அந்தக் கொட்டானுக்குள் பாட்டி வேறு எதையும் சேர்த்துப் பறிக்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? படத்தில் நான் பார்த்தது ஆறு காளான். கொட்டானில் நூறு இருக்கும். என் பேச்சை நம்பி யாரும் உலை வைக்க வேண்டாம்.

அப்பன்திருப்பதி_சேகர் · நவம்பர் 10, மாலை 6.20

கொட்டானைக் கொட்டிக் கிளறிப் பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னது போலவே நடுவில் நாலைந்து வேற மாதிரி. காதுமடல் மாதிரி வழுவழு என்று பழுப்பாக இருக்கிறது. இன்னொன்று கறுப்பு உருண்டை, கரித்துண்டு மாதிரி. அப்பத்தாவிடம் காட்டினேன். "அது தவறி விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் உரக்குழியில் கொட்டிவிட்டேன்.

காளான்கிறுக்கன் · நவம்பர் 10, மாலை 6.45

காது மாதிரி இருப்பது மரக்காதுக் காளான். கறுப்பு உருண்டையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெங்காயம் வெட்டியது போல வளையம் வளையமாக இருந்தால் டால்டினியா. அதையும் பட்டுப்போன கட்டையில் பார்க்கலாம். கரி மாதிரியே எளிதில் தீப்பிடித்து மெதுவாகக் கனியும்.

ஒத்தக்கடை_ஹாஸ்டல் · நவம்பர் 10, இரவு 11.30

ஐயா ஸ்கைசோஃபில்லம் என்றதும் ஓடிவந்தேன். எங்கள் வேளாண்மைக் கல்லூரியில் காளான் வகுப்பு என்றால் சிப்பிக்காளான், பால்காளான் வளர்ப்புதான் முக்கியம், இந்தப் பயல் களைக் காளானாகத்தான் வருவான். மரக்கட்டையில் வளர்க்கிற ஷிடாகே காளானுக்கு இவன் பெரிய தொந்தரவு. ஆனால் மரபியல் வகுப்பில் இவன்தான் கதாநாயகன்.

நமக்கு ஆண், பெண் என்று ரெண்டு. இதற்கு 23,000-க்கு மேலே. கணக்குச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு குலதெய்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஏ, இன்னொன்று பி. ஏ குலதெய்வத்தில் 288 சாமி, பி குலதெய்வத்தில் 81 சாமி. பெருக்கினால் 23,328. நம் ஊரில் ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பெண் எடுக்க முடியாது இல்லையா? இதற்கும் அதே சட்டம், அதுவும் இரட்டைச் சட்டம். ஏ சாமியும் வேறாக இருக்க வேண்டும், பி சாமியும் வேறாக இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டைக்குள் நூல் மாதிரி ஓடுகிற ரெண்டு இழையும் சேர்ந்து காளான் பூக்கும். அயலூர்க் காளானைச் சந்தித்தால் கிட்டத்தட்ட எப்போதுமே முறை வந்துவிடும்.

மாடித்தோட்டம்_மீனா · நவம்பர் 10, இரவு 11.41

கூடப்பிறந்ததுக்குள்ளே?

ஒத்தக்கடை_ஹாஸ்டல் · நவம்பர் 10, இரவு 11.48

அங்கேதான் அக்கா நம் உவமை உதைக்கிறது. ஒரே காளானில் பிறந்த வித்துகளுக்குள் நாலில் ஒன்றுக்கு முறை வரும். ஏனென்றால் அப்பா அம்மா ரெண்டு பேரின் சாமியையும் கலந்து பிரித்துக்கொள்கின்றன. ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

மேலூர்_ஆசாரி · நவம்பர் 11, காலை 6.15

முறையெல்லாம் இருக்கட்டும். சேகர் கேட்டது கட்டை விலை. அதை யாரும் பேசக் காணோமே.

தம்பி, புளியங்கட்டையில் ரெண்டு பாகம். வெளியே மஞ்சளாக அகலமாக இருப்பது வெளிறு. நடுவில் கத்திரிப்பூ நிறத்தில் கறுத்திருப்பது வைரம். புளியில் வைரம் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் இருக்கிற வைரம் இரும்பு. காளானும் வண்டும் முதலில் வெளிறைத்தான் பிடிக்கும். விறகு யாவாரி பட்டையைப் பார்த்து விலை சொல்கிறார், அது அவர் தொழில். நீங்கள் வெட்டுவாயைப் பாருங்கள். ஒரு உளியோ பழைய ஸ்க்ரூ டிரைவரோ எடுத்து வெளிறில் அழுத்துங்கள். ரொட்டி மாதிரி உள்ளே இறங்கினால் அது போனது. நாலு விரல் தள்ளி அழுத்துங்கள், எங்கே நிற்கிறதோ அங்கிருந்து நல்ல கட்டை. அப்புறம் ஒரு சுத்தியல் வைத்துத் தட்டுங்கள். டங் என்று கேட்டால் நல்லது, பொத் என்று கேட்டால் இற்றது.

ஆடியில் விழுந்த கிளை, ஐப்பசியில் பூத்திருக்கிறது. மூணு நாலு மாதத்தில் ஒரு முழக் கட்டை உளுத்துப்போகாது. பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள்.

காளான்கிறுக்கன் · நவம்பர் 11, காலை 8.00

ஆசாரி அண்ணன் சொன்னதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. 2010-இல் இந்தக் காளானின் மரபுத்தொகுதி முழுவதையும் படித்தார்கள். மரத்துக்குக் கெட்டி தருகிற லிக்னினை உடைக்க மரத்தை வெளுத்து இற்றுப்போக வைக்கிற மற்ற வெண்மட்கல் காளான்கள் வைத்திருக்கிற முக்கியமான நொதிகள் இதனிடம் இல்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து எளிதாகக் கிடைப்பதைத் தின்றுவிட்டு எழுந்துபோகிற ஆள் இது. ஆனால் ஒன்று, முதல் பந்திக்கு இவர் வந்தால் பின்னாலேயே அடுத்த பந்திக்காரர்கள் வருவார்கள். அதனால் கட்டை இப்படியே மழையில் கிடந்தால் யாவாரி சொன்னது அடுத்த வருடம் உண்மையாகிவிடும். தரையில் படாமல் ரெண்டு கல் வைத்துத் தூக்கி, மேலே தகரம் போட்டு, காற்றோட்டமாக வையுங்கள். கட்டையில் ஈரம் இல்லையென்றால் எந்தக் காளானும் வேலை செய்யாது.

நத்தம்_மாந்தோப்பு · நவம்பர் 11, காலை 10.20

கொலுசு விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், மரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இதே காளான் எங்கள் மாந்தோப்பில் நிற்கிற மரத்திலேயே வந்திருக்கிறது. கவாத்து பண்ணுகிறேன் என்று ஒரு வருடம் கிளைகளை மொட்டையாக வெட்டிவிட்டோம். அதுவரைக்கும் நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடித்தது. அடுத்த மழையில் அந்த வெடிப்பில் பூத்துவிட்டது. நல்ல திடமான மரத்தை இது தொடாது, காயம்பட்டு வாடின மரத்தில் வெந்த புண்ணில் நுழையும்.

உங்கள் புளியில் கிளை முறிந்த இடம் எப்படி இருக்கிறது? நார்நாராகத் தொங்கினால் அதுதான் வாசல். கிளைக் கழுத்தை வெட்டாமல் அதை ஒட்டி வெளியே, தண்ணீர் தேங்காமல் சாய்வாக அறுத்து, போர்டோ பசை பூசிவிடுங்கள். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு. ஒரு மரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ரெண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும், இரும்பு வாளி கூடாது.

மாடித்தோட்டம்_மீனா · நவம்பர் 11, பகல் 12.05

ஒரு சந்தேகம். என் சின்னவனுக்கு வீசிங் உண்டு. மாடியில் முருங்கைக் கிளை ஒன்று காய்ந்து கிடக்கிறது, அதிலும் இதே விசிறி. பயப்பட வேண்டுமா? இன்னொன்று, இதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்று வந்துவிட்டது.

காளான்கிறுக்கன் · நவம்பர் 11, பகல் 1.30

மீனா, இந்தக் காளானின் வித்தை மூச்சில் இழுத்து சைனஸிலோ நுரையீரலிலோ ஒவ்வாமை, தொற்று வந்தவர்கள் உலகத்தில் உண்டு. மிக அரிது, பெரும்பாலும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், ஏற்கனவே ஆஸ்துமா உள்ளவர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் அந்தக் கிளையை ஈரமாக இருக்கும்போதே ஒரு சாக்கில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள். பையன் பக்கத்தில் இருக்க வேண்டாம். வீசிங் கூடினால் மருத்துவரிடம் காளானையும் சொல்லுங்கள்.

மருந்துக் கதையில் பாதி உண்மை. இதிலிருந்து சைசோஃபைலான் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்தெடுத்து, ஜப்பானில் 1980-களில் கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு துணை ஊசியாகக் கொடுத்தார்கள். சுத்திகரித்த ஊசிக்கும் முருங்கைச் சுள்ளியில் பிய்த்துப் போடுகிற கஷாயத்துக்கும் என்ன சம்பந்தம்? குழுவில் அதையும் சேர்த்து அனுப்புங்கள். யாரும் படிக்க மாட்டார்கள், ஆனாலும் அனுப்புங்கள்.

அப்பன்திருப்பதி_சேகர் · நவம்பர் 13, இரவு 8.30

ஆசாரி அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் வைத்துப் பார்த்தேன். வெளிறில் ஒரு நகக்கண் ஆழம்தான் இறங்கியது, அதுவும் மேல்பக்கத்தில் மட்டும். வெட்டுவாயில் உள்ளங்கை அகலத்துக்கு வைரம் கறுப்பாகத் தெரிகிறது. யாவாரி முன்னாலேயே சுத்தியலால் தட்டிக் காட்டினேன். மனுஷன் சிரித்துவிட்டு, "சரி, பேசின விலை போட்டுக்குறேன், காளவாசலுக்குத்தானே போகுது" என்றார். நான் மதுரைக் காளவாசல் சிக்னலுக்கு எதுக்கு விறகு என்று ஒரு நிமிடம் முழித்தேன். செங்கல் சூளையைச் சொல்லியிருக்கிறார்.

மேல்கட்டை ஐந்தைக் கொடுத்துவிட்டேன். வைரம் உள்ள அடிக்கட்டை ரெண்டைக் கொடுக்க மனசு வரவில்லை. தகரம் போட்டு வைத்திருக்கிறேன். மரத்துக்குப் பசை பூசியாயிற்று. தீப்பெட்டியில் ஆறு காளான் இருக்கிறது.

எக்ஸ்சர்வீஸ்_பாண்டி · நவம்பர் 13, இரவு 9.10

தீப்பெட்டியை அடுப்பங்கரையில் வைத்துவிடாதீர்கள். அப்பத்தா ரசத்தில் போட்டுவிடும்.

அப்பன்திருப்பதி_சேகர் · மே 11, காலை 9.50

இந்தப் பேச்சு இழையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தேன். அழகர் எங்கள் ஊர் வழியாக மலைக்குத் திரும்பி ரெண்டு நாள்தான் ஆகிறது, இன்னும் பாதி ஊர் தூக்கத்தில் இருக்கிறது. பேத்திக்கு லீவு. அவள்தான் தீப்பெட்டியை ஞாபகப்படுத்தினாள்.

ஆறு மாதத்தில் எல்லாம் காய்ந்த மொச்சைத் தோல் மாதிரி சுருண்டு, சாம்பல் நிறமாகி, தட்டினால் கலகல என்று சத்தம் கேட்டது. நேற்றுச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒன்றை ஈரத்துணியில் சுற்றி ஒரு கிண்ணத்தில் வைத்தோம். பத்து நிமிடத்தில் ஓரம் தளர்ந்தது. ஏழு மணிக்கு விசிறி முழுசாக விரிந்துவிட்டது. அடியில் பார்த்தால் அந்தப் பிளந்த உதடுகள் பைய நிமிர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, நிறமும் ரோஸுக்குத் திரும்பியிருந்தது. மீனா அக்கா வீசிங் விஷயம் கேட்டது ஞாபகம் வந்து, கறுப்பு சார்ட் பேப்பரில் கவிழ்த்து மேலே ஒரு டம்ளரை மூடித் திண்ணையிலேயே வைத்துவிட்டோம். இன்றைக்குக் காலையில் டம்ளரைத் தூக்கினால் பேப்பரில் விசிறி வடிவத்தில், கோடு கோடாக வெள்ளைப் பொடி. கோலமாவை மெல்லிசாகத் தூவினது மாதிரி.

பேத்தி அதை அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தது. "அன்னைக்கே குழம்பு வச்சிருந்தா இந்தக் கோலம் கிடைச்சிருக்குமாடி" என்று இப்போது தானே தடுத்த மாதிரி பேசுகிறது.

காளான்கிறுக்கன் · மே 11, காலை 10.15

சபாஷ். மீதி ஐந்தைத் தொடாதீர்கள். அடுத்த சித்திரைக்கு ஒன்று, அதற்கடுத்த சித்திரைக்கு ஒன்று. தீப்பெட்டி மேலே பறித்த தேதியை எழுதி வையுங்கள்.

மேலூர்_ஆசாரி · மே 11, இரவு 7.40

அந்த அடிக்கட்டை ரெண்டும் இன்னும் தகரத்துக்குக் கீழேதான் இருக்கிறதா? இருந்தால் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கள்ளந்திரி பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அப்படியே வந்து பார்க்கிறேன். மூணடி நீளம் மம்பட்டிக் கணைக்குச் சரியாக இருக்கும்.